ஆச்சி கொடுத்த பூச்சி மருந்துக்குள் இவ்வளவு அதிசயமா?

உங்கள் விரல் நகத்தைக் கொஞ்சம் பாருங்கள். நக இடுக்கில் ஒரே ஒரு மில்லிமீட்டர் அழுக்கு இருக்கிறதா? அந்த ஒரு மில்லிமீட்டர் நீளத்தில், வயிற்றில் வளரும் நாக்குப்பூச்சியின் முட்டைகளை வரிசையாக அடுக்கினால் ஏறக்குறைய பதினைந்து நிற்கும்! கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. சோற்றோடு சேர்ந்து உள்ளே போய்விட்டால்? அங்கேதான் ஆரம்பிக்கிறது கதை! புழுக்களின் அதிசயம் ஒரு பக்கம், அவற்றை விரட்ட மனிதன் தேடிப் பிடித்த இலை, பட்டை, விதை, வேர்களின் அதிசயம் மறுபக்கம். படிக்கத் தயாரா?

உலகில் எத்தனை பேர் வயிற்றில் புழு இருக்கிறது தெரியுமா?

150 கோடி! ஆமாம், உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது. மண் வழியாகப் பரவும் குடற்புழுக்கள் மட்டுமே இத்தனை பேரிடம். உலகில் ஏறத்தாழ நான்கு பேரில் ஒருவர்! நாக்குப்பூச்சி என்கிற உருளைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு ஆகியவைதான் இதில் பெரிய கைகாரர்கள்.

ஒரு நாளைக்கு 2 லட்சம் முட்டை!

கோழி ஒரு நாளைக்கு ஒரு முட்டை இட்டாலே கொக்கரித்து ஊரைக் கூட்டுகிறது. நாக்குப்பூச்சி சத்தமே இல்லாமல் எத்தனை இடுகிறது தெரியுமா? ஒரு பெண் புழு ஒரே நாளில் சுமார் 2 லட்சம்! வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் 7 கோடியே 30 லட்சம்! புழுவின் நீளமோ 20 முதல் 35 சென்டிமீட்டர். பள்ளிக்கூட ஸ்கேலை விட நீளமாகக்கூட வளரும்! முட்டை மண்ணில் விழுந்து சில வாரம் பக்குவப்பட்டால்தான் அடுத்தவரைத் தொற்றும். ஈர மண் கிடைத்தால் வருஷக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும்!

குடலுக்குப் போக நுரையீரலைச் சுற்றிவரும் புழு!

விழுங்கிய முட்டை குடலில் பொரிகிறது. அங்கேயே தங்கிவிடலாம் அல்லவா? மாட்டேன் என்கிறது! குடல் சுவரைத் துளைத்து ரத்தத்தில் ஏறுகிறது. கல்லீரல், இதயம், நுரையீரல் என்று ஊர்வலம் போகிறது. மூச்சுக்குழாயில் ஏறித் தொண்டைக்கு வருகிறது. நாம் இருமி, எச்சிலோடு மறுபடி விழுங்குகிறோம். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டது!

இதை நிரூபிக்க ஒரு ஜப்பானிய மருத்துவர் என்ன செய்தார் தெரியுமா? 1922இல் ஷிமேசு கொய்னோ என்பவர் 2,000 முட்டைகளைத் தானே விழுங்கினார்! சில நாளில் அவருடைய சளியிலேயே குட்டிப் புழுக்கள் நெளிந்தன!

வாயும் இல்லை, வயிறும் இல்லை!

நாடாப்புழுவுக்கு வாய் கிடையாது, குடலும் கிடையாது! பிறகு எப்படிச் சாப்பிடுகிறது? உடம்புத் தோல் முழுவதாலும் நம் சாப்பாட்டை உறிஞ்சிக்கொள்கிறது! மாட்டிறைச்சி வழியாக வரும் நாடாப்புழு சாதாரணமாக 4 முதல் 12 மீட்டர் நீளம். நாலு முழம் வேட்டியெல்லாம் இதற்கு முன்னால் எம்மாத்திரம்! ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணிகள் சரம்போலக் கோத்த உடம்பு. அதுவும் பெரிதில்லை. எண்ணெய்த் திமிங்கிலத்தின் குடலில் 30 மீட்டர் நாடாப்புழு கிடைத்திருக்கிறது!

நள்ளிரவில் வெளியே வரும் விருந்தாளி!

பிள்ளை ராத்திரியில் பிட்டத்தைச் சொறிந்துகொண்டு புரண்டு புரண்டு படுக்கிறதா? அது கீரிப்பூச்சியின் வேலையாக இருக்கலாம். பிள்ளை தூங்கி இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, டார்ச் லைட்டை அடித்து ஆசனவாய் ஓரம் பாருங்கள். வெள்ளை நூல் துண்டுபோல ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் நெளியும்! பகலெல்லாம் குடலுக்குள் இருந்துவிட்டு, இருட்டில் வெளியே வந்து 10,000 முட்டை வரை இட்டுவிட்டு அந்தப் பெண் புழு செத்துப்போகிறது! சில மணி நேரத்திலேயே முட்டை தொற்றத் தயார். சொறிந்த விரல் வாய்க்குப் போனால் மறுபடியும் முதலிலிருந்து! பாய், தலையணை, போர்வையில் இரண்டு வாரம் வரை முட்டை உயிரோடு இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க டாக்டர்கள் பயன்படுத்தும் கருவி என்ன தெரியுமா? செல்லோ டேப்! காலையில் குளிப்பதற்கு முன் ஆசனவாய் ஓரத்தில் ஒட்டி எடுத்து, அப்படியே மைக்ராஸ்கோப்பில் வைத்தால் முட்டை தெரிந்துவிடும்!

சத்தமில்லாத ரத்ததானம்!

கொக்கிப்புழு ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும். ஆனால் குடல் சுவரைக் கடித்துத் தொங்கி ரத்தம் குடிக்கும். இதில் ஒரு வகையைச் சேர்ந்த ஒற்றைப் புழு நாளைக்குச் சுமார் 0.2 மில்லி ரத்தத்தைக் காலி செய்கிறது. பூ, இவ்வளவுதானா என்கிறீர்களா? நூறு புழு இருந்தால் 20 மில்லி. பதினெட்டே நாளில் 360 மில்லி! ரத்ததான முகாமில் ஒரு ஆளிடம் எடுக்கிற ஒரு பை அளவு! மாதத்துக்கு ஒரு பைக்கு மேல் ரத்தம் போனால் கண் வெளுக்காமல், மூச்சு வாங்காமல் என்ன செய்யும்?

கையில் சிந்திய ஒரு சொட்டு!

கொக்கிப்புழு உடம்புக்குள் எப்படி நுழைகிறது என்று உலகமே மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்த காலம். கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி ஆய்வு செய்துகொண்டிருந்தபோது, குட்டிப் புழுக்கள் இருந்த நீர் அவர் கையில் சிந்தியது. கை அரித்தது, சிவந்தது. அவ்வளவுதான் என்று விட்டாரா? இல்லை! சில வாரங்கள் கழித்துத் தன் மலத்தையே சோதித்தார். கொக்கிப்புழு முட்டை இருந்தது! வாய் வழியாக மட்டுமில்லை, தோலைத் துளைத்துக்கொண்டும் வருகிறது என்று அப்படித்தான் தெரிந்தது! வெறுங்காலோடு தோட்டத்தில் நடந்தால் ஏன் ஆபத்து என்று இப்போது புரிகிறதா?

சோம்பலுக்கே ஒரு புழு!

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஏழைகள் சோம்பேறிகள் என்று பெயர் வாங்கியிருந்தார்கள். 1902இல் சார்ல்ஸ் ஸ்டைல்ஸ் என்பவர் சொன்னார்: அவர்கள் சோம்பேறிகள் அல்ல, வயிற்றில் கொக்கிப்புழு! பத்திரிகைகள் அதற்குச் ‘சோம்பல் கிருமி’ என்றே பெயர் வைத்தன. 1909இல் எண்ணெய் அதிபர் ராக்ஃபெல்லர் இந்தப் புழுவை ஒழிக்கக் கொடுத்தது எவ்வளவு தெரியுமா? 10 லட்சம் டாலர்!

மன்னரையும் விட்டுவைக்கவில்லை!

இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்ட் 1485இல் போர்க்களத்தில் செத்தார். 2012இல் அவருடைய எலும்புக்கூடு எங்கே கிடைத்தது தெரியுமா? லெஸ்டர் நகரத்தில் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில்! வயிறு இருந்த இடத்து மண்ணைச் சோதித்தார்கள். 500 வருஷத்துக்குப் பிறகும் நாக்குப்பூச்சியின் முட்டைகள் அப்படியே இருந்தன! நாடாப்புழு முட்டை மட்டும் இல்லை. அரண்மனைச் சமையல்காரர் இறைச்சியை நன்றாக வேகவைத்திருக்கிறார்போல!

குரங்குக்கு யார் வைத்தியம் சொல்லிக்கொடுத்தது?

இனி மூலிகைக்கு வருவோம். முதல் வைத்தியர் மனிதன்தானா? 1987இல் தான்சானியாவின் மஹாலே மலையில் மைக்கேல் ஹஃப்மன் என்ற ஆய்வாளர் ஒரு சிம்பன்சியைக் கவனித்தார். சோர்ந்து சுருண்டு கிடந்த அது, கசப்பான ஒரு செடியின் தண்டை உரித்து, உள்சோற்றை மென்று சாற்றை விழுங்கி, சக்கையைத் துப்பியது. சீக்கிரமே தெம்பாக எழுந்து நடந்தது! அந்தப் பகுதி மக்களும் வயிற்றுக் கோளாறுக்கு அதே செடியைத்தான் சாப்பிடுகிறார்கள்!

இன்னொரு வித்தை இன்னும் ஆச்சரியம்! சொரசொரப்பான இலைகளைச் சிம்பன்சிகள் மெல்லாமல் மடித்து, காலை வெறும் வயிற்றில் விழுங்குகின்றன. அந்த இலை முழுசாகவே வெளியே வருகிறது. கூடவே புழுக்களும் வந்து விழுகின்றன!

5,300 வருஷத்துக்கு முந்தைய மருந்துப் பை!

1991இல் ஆல்ப்ஸ் மலைப் பனிக்குள் ஒரு மனிதன் உறைந்து கிடந்தான். வயது? 5,300 ஆண்டுகள்! ஓட்சி என்று பெயர் வைத்தார்கள். அவன் குடலில் சாட்டைப்புழுவின் முட்டைகள்! அவனிடம் தோல் வாரில் கோத்த இரண்டு காளான் துண்டுகளும் இருந்தன. மரத்தில் வளரும் அந்தக் காளானுக்குப் புழுவைக் கொல்லும் குணம் உண்டு. புழுவுக்காகத்தான் எடுத்துப் போனானோ என்று ஆய்வாளர்கள் இன்றும் வியக்கிறார்கள்!

மாதுளை மரத்தின் வேரில் என்ன இருக்கிறது?

பழம் நமக்குத் தெரியும். வேர்ப்பட்டை? சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முந்தைய எகிப்தின் ஈபர்ஸ் பாப்பிரஸ் ஏட்டிலேயே அது புழு மருந்து! 1878இல் பிரெஞ்சு வேதியியலாளர் தான்ரே அந்தப் பட்டையிலிருந்து பெல்லட்டியரின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். நாடாப்புழுவை மயக்கிப் பிடியை நழுவவிடச் செய்வது அதுதான்! அளவு கூடினால் மனிதனுக்கும் தலைசுற்றல், பார்வைக் கோளாறு வரும் என்பதையும் மறக்கக் கூடாது.

ராஜா விலைக்கு வாங்கிய ரகசியம்!

சுவிட்சர்லாந்தில் ஒரு வைத்தியரின் விதவை, மேடம் நூஃபெர். நாடாப்புழுவுக்கு அவர் தரும் மருந்து தப்பவே தப்பாது! அந்த ரகசியத்தைப் பிரான்ஸ் மன்னர் பதினாறாம் லூயி என்ன விலைக்கு வாங்கினார் தெரியுமா? 18,000 லிவர்! ரகசியத்தைத் திறந்து பார்த்தால்... பெரணிச் செடியின் கிழங்குப் பொடி, அதன் பிறகு பேதி மருந்து. பழைய கிரேக்க வைத்தியர்கள் அதற்கு ஆயிரத்தெழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்த அதே பெரணி! ஆனால் இதிலும் அளவு தப்பினால் கண் பார்வையே போய்விடும்!

உலகமே மஞ்சளாகத் தெரியும்!

மாசிப்பத்திரி வகையைச் சேர்ந்த ஒரு செடியின் பூமொட்டிலிருந்து 1830இல் சாண்டோனின் என்ற மருந்தைப் பிரித்தார்கள். நூறு வருஷத்துக்கு மேல் நாக்குப்பூச்சிக்கு அதுதான் உலகம் முழுக்க மருந்து. சாப்பிட்டவர்களுக்கு ஒரு விசித்திரம் நடந்தது. பார்க்கிற வெள்ளைச் சுவர், வேட்டி எல்லாமே மஞ்சளாகத் தெரிந்தன! நச்சுத்தன்மை அதிகம் என்பதால் இன்று டாக்டர்கள் அதைத் தொடுவதில்லை.

பூ சாப்பிடும் தேசம்!

எத்தியோப்பியாவில் பச்சை மாட்டிறைச்சி விருந்துச் சாப்பாடு. கூடவே வருவது நாடாப்புழு! அதற்கு அவர்கள் கண்ட வழி? கோசோ என்ற மரத்தின் பெண் பூக்களைக் காயவைத்து, பொடித்துக் கரைத்துக் குடிப்பது. மாதத்துக்கு அல்லது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குடிப்பது பெரியவர்களின் வழக்கமாகவே இருந்தது!

அஞ்சறைப்பெட்டி ஓமம் ஐரோப்பாவுக்குப் போன கதை!

ஓமத்தைக் கசக்கி மோந்து பாருங்கள். சுள்ளென்று ஏறுகிற அந்த வாசனையின் பெயர் தைமால்! ஓம எண்ணெயில் ஏறத்தாழ பாதி இதுதான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலிய மருத்துவர்கள் கொக்கிப்புழுவுக்கு எதிராக இதே தைமாலை எடுத்துக்கொண்டார்கள். முதல் உலகப் போருக்கு முன் இந்திய ஓமம் மூட்டை மூட்டையாக ஜெர்மனிக்குப் போய்த் தைமாலாக மாறியது!

இதில் இன்னொரு நுணுக்கம் தெரியுமா? தைமால் கொடுத்த பிறகு விளக்கெண்ணெய் கொடுக்கவே மாட்டார்கள், பேதியுப்புதான்! ஏன்? தைமால் எண்ணெயில் கரையும். கரைந்தால் குடலில் நிற்காமல் ரத்தத்தில் ஏறி ஆளையே சாய்த்துவிடும்! நாம் குடிக்கும் ஓமவாட்டரில் இருப்பது மிகக் குறைவான அளவு. அது செரிமானத்துக்குச் சுகம் தருமே தவிர, கொக்கிப்புழுவை ஒழிக்கும் என்று நம்பிவிடாதீர்கள்!

கடல் தாண்டிய தமிழர்களும் கொக்கிப்புழுவும்!

1916இல் இலங்கையின் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. ராக்ஃபெல்லர் பணம்தான் அங்கேயும்! தோட்டங்களில் வேலை செய்தவர்கள் யார்? தமிழ்நாட்டிலிருந்து போன நம் ஜனங்கள்! வெறுங்கால், ஈர மண், கழிப்பறையே இல்லாத லயம். புழுவுக்கு இதைவிட என்ன வேண்டும்? கொடுத்த மருந்து என்ன தெரியுமா? அமெரிக்கக் கண்டத்துச் செடி ஒன்றிலிருந்து வடித்த கீனோபோடியம் எண்ணெய்! கப்பலேறும் முன் மண்டபம் முகாமில் தங்கவைத்த கூலித் தொழிலாளிகளுக்கும் கொக்கிப்புழு மருந்து கொடுத்தே அனுப்பினார்கள். அந்த எண்ணெயில் சொட்டுக் கணக்கு தவறினாலும் உயிருக்கு ஆபத்து. உலகில் சிலர் அதனாலேயே இறந்தும் போனார்கள்! மருந்து வந்து போகும், கழிப்பறை வராதவரை புழு திரும்பத் திரும்ப வரும் என்பதை அந்த லயங்களே உலகுக்குக் காட்டின.

பள்ளிக்கூடத்தில் கடற்பாசிக் கஷாயம்!

இரண்டாம் உலகப் போர் முடிந்த நேரம். ஜப்பானில் நூற்றுக்கு அறுபது பேருக்கு நாக்குப்பூச்சி! என்ன செய்தார்கள் தெரியுமா? பள்ளிக்கூடத்தில் வரிசையாக நிறுத்திக் கடற்பாசிக் கஷாயம் கொடுத்தார்கள்! ஆயிரம் ஆண்டுப் பழக்கமுள்ள கைமருந்து அது. 1950களில் அதிலிருந்து கைனிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். இன்று மூளை ஆராய்ச்சிக் கூடங்களில் அதே பொருள் பயன்படுகிறது! கஷாயம், மருந்து, மலச் சோதனை, கழிவுநீர்ச் சீரமைப்பு எல்லாம் சேர்ந்து, 30 வருஷத்துக்குள் நாக்குப்பூச்சியைக் கிட்டத்தட்ட நாட்டை விட்டே துரத்திவிட்டார்கள்!

சென்னையின் ஒரு பேட்டைக்கே புழு மருந்து மரத்தின் பெயர்!

எந்தப் பேட்டை? புரசைவாக்கம்! புரசு மரம் நிறைந்திருந்ததால் வந்த பெயர். கங்காதீசுவரர் கோயிலின் தலவிருட்சமும் புரசுதான்! செக்கச்செவேலென்று பூக்கும் இந்த மரத்துக்குப் பலாசு, முருக்கன் என்றும் பெயர்கள். இதன் தட்டையான விதைதான் சித்த மருத்துவத்தின் பேர்பெற்ற முருக்கன் விதை மாத்திரையில் சேர்கிறது. விதையில் இருக்கும் பலாசோனின் புழுவைத் தாக்கும்! அளவு மீறினால் நம்மையும் தாக்கும். அதனால்தான் சித்த வைத்தியரின் கை இதற்கு அவசியம்.

மிளகு வேஷம் போடும் மருந்து!

வாய்விளங்கத்தைப் பார்த்தால் மிளகு என்றே நினைப்பீர்கள்! மிளகில் கலப்படம் செய்யவே அதைப் பயன்படுத்திய கதையும் உண்டு. வடமொழியில் இதற்கு ‘புழுக்கொல்லி’ என்றே பொருள்படும் ஒரு பெயர் இருக்கிறது! உள்ளே ஆரஞ்சு நிறப் படிகமாக எம்பெலின் என்ற பொருள் ஒளிந்திருக்கிறது. கர்ப்பிணிகள் மட்டும் இதன் பக்கமே போகக் கூடாது.

பூனை கும்பிடும் செடி!

சாக்கடை ஓரத்தில் முளைக்கும் குப்பைமேனிக்கு இன்னொரு பெயர் என்ன தெரியுமா? பூனைவணங்கி! அதன் வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை ஓடி வந்து அதில் உருண்டு புரளும்! கிராமத்தில் பிள்ளைகளுக்குக் குப்பைமேனிச் சாறு கொடுத்துப் பூச்சியை இறக்குவது பழைய வழக்கம். ஆனால் ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு இந்த இலை ரத்த அணுக்களையே உடைத்துவிடும் என்று இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்! குறைபாடு இருப்பதே பலருக்குத் தெரியாது. ஆகவே எச்சரிக்கை!

விளக்கெண்ணெய் எதற்கு என்று தெரியுமா?

எங்கள் வீட்டில் கோடை லீவு வந்தாலே ஒரு சனிக்கிழமை எங்களுக்கு நடுக்கம். விடியற்காலையில் ஆச்சி வேப்பங்கொழுந்தும் மஞ்சளும் அரைத்துச் சுண்டைக்காய் அளவில் உருட்டி வைத்திருப்பார். அடுத்து விளக்கெண்ணெய். “மூக்கைப் பொத்திக்க ராசா, ஒரே மடக்கு!” என்பார். மடக்கென்று விழுங்கியதும் வாயில் ஒரு துண்டுக் கருப்பட்டி. அன்றைக்கு முழுக்க ரசம் சாதம், மோர். சாயங்காலம் கால் தள்ளாடும்!

அதன் சூட்சுமம் பிறகுதான் புரிந்தது. எண்ணெய் புழுவைக் கொல்வதில்லை! மயங்கிப் பிடி நழுவிய புழு, சுதாரித்து மறுபடி ஒட்டிக்கொள்வதற்குள் வெளியே தள்ளுவதுதான் அதன் வேலை. கசப்பு மயக்கும், பேதி துரத்தும்! மேடம் நூஃபெரின் ரகசியமும் இதேதான், தைமாலுக்குப் பின் பேதியுப்பும் இதேதான்! நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்குச் சாப்பிட வேண்டும் என்பது சித்த மருத்துவர் தேரையர் வகுத்த நெறி. ஆச்சி ஏட்டைப் படித்தவரில்லை, ஆனாலும் அந்த நெறி எங்கள் வீட்டுத் திண்ணைவரை வந்திருந்தது!

பப்பாளி விதையைத் தூக்கி எறிகிறீர்களா?

2007இல் நைஜீரியாவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. வயிற்றில் புழு இருந்த 60 பிள்ளைகள். பாதிப் பேருக்குக் காயவைத்த பப்பாளி விதையும் தேனும், மீதிப் பேருக்கு வெறும் தேன். ஏழு நாள் கழித்து மலத்தைச் சோதித்தார்கள். விதை சாப்பிட்ட 30 பேரில் 23 பேருக்குப் புழு இல்லை! வெறும் தேன் சாப்பிட்டவர்களில் 5 பேருக்கு மட்டுமே! சின்ன ஆய்வுதான். டாக்டர் தரும் மாத்திரைக்கு இது மாற்று என்று சொல்ல அது போதாது. ஆனாலும் அந்த மிளகு போன்ற கருப்பு விதைக்குள் ஏதோ இருக்கிறது!

வெற்றிலைத் தட்டின் பாக்கு நாய்க்கு மருந்தா?

ஆமாம்! பாக்கில் உள்ள அரிகோலின் நாடாப்புழுவை முடக்கிப் போடும். நியூசிலாந்தில் ஒருகாலத்தில் நாடெங்கும் நாய்களுக்கு அரிகோலின் கொடுத்தே நாடாப்புழுவை வெளியேற்றினார்கள்! சீனாவில் பாக்கையும் பூசணி விதையையும் சேர்த்து மனிதர்களுக்கே கொடுத்தார்கள். அதற்காகப் பாக்கு மெல்ல ஆரம்பிக்காதீர்கள்! பாக்கு வாய்ப் புற்றுநோயை வரவழைக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியாகவே அறிவித்துவிட்டது.

ஆடு தின்னாததை நாம் தின்னலாமா?

பேரிலேயே எச்சரிக்கை வைத்திருக்கும் மூலிகை எது தெரியுமா? ஆடுதின்னாப்பாளை! கண்டதையெல்லாம் மேயும் ஆடே ஒதுக்கும் செடி. புழு மருந்தாக நம் ஊரில் பேர் வாங்கியது. ஆனால் இதன் குடும்பத்துச் செடிகளில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும்! 1990களில் பெல்ஜியத்தில் இளைக்க மருந்து சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் கெட்டது. காரணம், மருந்தில் கலந்துவிட்ட இதே குடும்பத்துச் செடி!

இன்னொன்றும் கேளுங்கள். பச்சைக் குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டுவதுண்டா? வேண்டவே வேண்டாம்! வாந்தி, வலிப்பு, மயக்கம் என்று குழந்தைகள் உயிருக்குப் போராடியதை 1980களின் தொடக்கத்திலேயே மலேசிய மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். சித்திரை முதல் நாள் பச்சடியில் விழும் வேப்பம்பூ வேறு, வேப்பெண்ணெய் வேறு!

சைவர்களுக்கும் பன்றிப் புழுவா?

ஆம், வரலாம்! பன்றி இறைச்சியைத் தொடாதவர் மூளையில்கூட பன்றி நாடாப்புழுவின் குட்டி வீடு கட்டலாம்! எப்படி? புழு உள்ள ஒருவர் திறந்தவெளியில் மலம் கழிக்கிறார். முட்டை தண்ணீரிலும் கீரையிலும் சேர்கிறது. கழுவாமல் தின்றால் குட்டிப் புழு ரத்தம் வழியாக மூளைக்குப் போகிறது. விளைவு? வலிப்பு! வேலூர்ப் பகுதியில் நடந்த ஆய்வில் வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இதுவே காரணம் என்று தெரிந்தது! காக்காய்வலிப்பு என்று இரும்பைக் கையில் திணிப்பதை விட்டுவிட்டு, ஸ்கேன் எடுக்க அழைத்துப் போங்கள். இதற்குச் சிகிச்சை உண்டு! ஆனால் இங்கே கைமருந்துக்கு இடமே இல்லை.

மண்ணிலிருந்து நோபல் பரிசு!

2015இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு எதற்குத் தெரியுமா? முழுக்க முழுக்க ஒட்டுண்ணிகளுக்கு எதிரான மருந்துகளுக்கு! ஜப்பானில் ஒரு கோல்ஃப் மைதானத்துக்குப் பக்கத்து மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து ஐவர்மெக்டின் பிறந்தது. ஒமூரா, கேம்பெல் இருவரும் பரிசு பெற்றார்கள். பழைய மருத்துவ ஏட்டைப் புரட்டி, ஒரு மூலிகையிலிருந்து மலேரியா மருந்து கண்ட சீனத்துத் தூ யூயூவும் அதே மேடையில்!

சப்பிச் சாப்பிடும் மாத்திரை!

பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10. என்ன நாள் தெரியுமா? தேசியக் குடற்புழு நீக்க நாள்! 1 முதல் 19 வயதுவரை எல்லாருக்கும் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசம். 400 மில்லிகிராம், இரண்டு வயதுக்குள் என்றால் பாதி. புழு சர்க்கரையை உறிஞ்ச முடியாமல் இது தடுத்துவிடும். நம் வயிற்றுக்குள்ளேயே புழு பட்டினி கிடந்து சாகும்! 2015இல் நடந்த முதல் சுற்றிலேயே 8.9 கோடிப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள்!

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு பெருமையும் உண்டு. ஊரில் பிள்ளை முதல் கிழவர் வரை எல்லாருக்கும் மருந்து கொடுத்தால் புழுப் பரவலையே அறுத்துவிட முடியுமா? மூன்று நாடுகளில் நடந்த இந்தப் பெரிய ஆய்வில், நம் திமிரியும் ஜவ்வாது மலையும் இடம்பெற்றன!

மருந்தே இல்லாமல் தோற்ற புழு!

நரம்புச்சிலந்தி! குடலில் குடியிருப்பதில்லை, காலில் கொப்புளம் கட்டி வெளியே தலைநீட்டும் மீட்டர் நீளப் புழு. குச்சியில் சுற்றிச் சுற்றித்தான் எடுக்க வேண்டும். இதற்கு மூலிகையும் இல்லை, மாத்திரையும் இல்லை, தடுப்பூசியும் இல்லை! 1986இல் உலகில் 35 லட்சம் பேருக்கு இருந்தது. 2024இல்? வெறும் 15 பேர்! இந்தியாவில் 1996க்குப் பிறகு ஒருவர்கூட இல்லை! எது ஜெயித்தது? தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்ததும், புழு வந்த காலைக் குளத்தில் வைக்காமல் இருந்ததும்தான்!

சரகர் சொன்ன மூன்றாவது வழி!

ஆயுர்வேதத்தின் சரக சம்ஹிதை 20 வகைப் புழுக்களைச் சொல்கிறது. அவற்றுக்கு மூன்று வழி வகுக்கிறது. முதல் வழி, புழுவை வெளியே எடுப்பது. இரண்டாவது, புழு வாழ முடியாதபடி வயிற்றை மாற்றுவது. மூன்றாவது? புழு வரும் காரணத்தையே விலக்குவது! மருந்தோடு நிறுத்தாமல், வரும் வழியை அடை என்று இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய நூல் சொல்கிறது!

மாதுளைப் பட்டை, புரசு விதை, ஓமம், ஆச்சியின் வேப்பங்கொழுந்து எல்லாம் முதல் இரண்டு வழிகள். அவை எவ்வளவு பெரிய அறிவு! ஆனால் மாத்திரை போட்ட பிள்ளை மறுநாளே கை கழுவாமல் சாப்பிட்டால், அந்த 2 லட்சத்தில் ஒன்று மறுபடி உள்ளே போகாதா? மூன்றாவது வழிக்குக் கழிப்பறை, சோப்பு, செருப்பு, கழுவிய கீரை போதும். மூலிகையாக இருந்தாலும் மாத்திரையாக இருந்தாலும், பிள்ளைக்குக் கொடுக்கும் முன் ஒரு நல்ல மருத்துவரைக் கேளுங்கள்.

முதலில் பார்த்த நகம் நினைவிருக்கிறதா? இன்று ராத்திரி பிள்ளை தூங்கும் முன் நகவெட்டியை எடுங்கள். வெட்டி விழும் ஒவ்வொரு துண்டோடும் எத்தனை முட்டைகள் வெளியே போகின்றன தெரியுமா?